கிழட்டுப் பொறுக்கி

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவனை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்கானிக்தான் சாட்சி. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். மற்ற நாட்களில் ஊரின் பாதி மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கி, உச்சியில் இருக்கும் மோட்டார் அறையின் சூட்டிலும் அடியில் இருக்கும் குழியின் ஈரத்திலும் நின்று வேலை செய்கிறவன். இந்த வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்தான். காரணம், பக்கத்து அறையில் படுத்திருந்த மாமனார்.

மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, மேலே பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டியிருந்தார்கள். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம். அந்தக் கண்ணில் இப்போதைக்கு வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். வேலையில் இருந்த காலத்தில் நிலம் அளக்கிற சர்வேயர். எல்லைக்கல்லை எவனாவது ஒரு சாண் நகர்த்தி நட்டிருந்தால் தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் இப்போது பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டம்ளரைக் கையால் துழாவிக் கண்டுபிடித்தார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்த கையோடு கிரீஸ் ஒட்டிய சட்டையுடன் பெண் கேட்டுப் போன மெக்கானிக்கை வாசலிலேயே நிறுத்தி, "பொறுக்கிப் பயலுக்கெல்லாம் குடுக்க என் வீட்டுல பொண்ணு இல்ல" என்று சொன்னவர் இவர்தான். பின்னால் நின்று அதைக் கேட்ட பெண் அந்த வாரமே வீட்டை விட்டு வந்துவிட்டாள். அதோடு போக்குவரத்து நின்றது. நடுவில் மாமியார் இறந்துபோனார். அதற்கு மட்டும் போய்விட்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார்கள். இப்போது அப்பாவுக்குக் கண் மங்கி அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டார் என்று தெரிந்ததும், மகள்தான் போய்ப் பேசி, கெஞ்சி, அழுது கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. விடுமுறைக் காலத்துக் கூட்டத்தில் அவளுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் காவல் வேலை மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போவாள்.

"எங்கப்பா மனசு கோணாம பாத்துக்கங்க. இந்தத் தடவ நல்லபடியா போச்சுன்னா அடுத்த கண்ணுக்கும் இங்கதான் வருவாரு, அப்படியே தங்கிடுவாரு. ஏதாவது ஒண்ணு ஆச்சு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு. எனக்குன்னு அந்தப் பக்கத்துல அவர் ஒருத்தர்தான் இருக்காரு."

"நான் என்ன அவர கடிச்சா வைக்கப் போறேன்?" என்பான் மெக்கானிக்.

கடிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. பேசினார்கள் என்றால் இப்படித்தான். "சாப்பிடலாமா?" "சாப்பிடலாம்." "மருந்து விட்டுரலாமா?" "விட்டுரலாம்." நீ என்று சொன்னால் மரியாதைக் குறைவு. நீங்கள் என்று சொன்னால் மருமகன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. மாமனார் இரண்டுக்கும் நடுவே தமிழ் இலக்கணத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து, வந்த நாளிலிருந்து அதற்குள்ளேயே போய்வந்து கொண்டிருந்தார். சர்வேயர் அல்லவா, குறுக்குச் சந்து தெரியாமலா இருக்கும்.

இப்படி ஒரு வீட்டில் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருந்தால் கால் ஆடியது. காலை அடக்கினால் விரல் மேசையில் தாளம் போட்டது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து அலுத்து, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அவன் வருஷக் கணக்காக விளையாடி வருவது வானவெளியில் வாணிபம் செய்கிற ஒரு விளையாட்டு. கப்பல் ஒன்று கொடுத்துவிடுவார்கள். பிழைத்துக்கொள்ள வேண்டியது உன் சாமர்த்தியம். சிலர் ஒரு கிரகத்தில் சரக்கு ஏற்றி இன்னொரு கிரகத்தில் இறக்குவார்கள். சிலர் அந்தச் சரக்கை வழிமறித்துப் பறிப்பார்கள். மெக்கானிக் இரண்டிலும் சேராமல் கல் உடைக்கப் போனான். கிரகங்களைச் சுற்றி வளையம் வளையமாக மிதக்கும் விண்கற்களை உடைத்து உள்ளே இருக்கும் உலோகத்தை எடுப்பது. பகல் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து பொழுதுபோக்காகவும் அதையே செய்கிறாரே இந்த மனிதர் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

கல் உடைப்பது லேசான காரியம் இல்லை. முதலில் கப்பலின் மூக்கிலிருந்து ஒரு துடிப்பை அனுப்ப வேண்டும். அது அலையாகப் பரவிப் போகும்போது, உள்ளே சரக்கு உள்ள கற்கள் மட்டும் மஞ்சளாக மினுங்கும். மினுங்குவதெல்லாம் பொன் இல்லை என்பதால் அடுத்து ஒரு வேவு இயந்திரத்தை ஏவுவார்கள். அது கல்லில் போய் ஒட்டிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பங்கு என்று சொல்லும். சாதாரணக் கல்லென்றால் லேசர் கதிரால் மேல்தோலைச் சீவிச் சீவி எடுத்தால் போதும். அபூர்வமாகச் சில கற்களுக்கு வயிற்றுக்குள் கரு இருக்கும். அதற்குச் சீவல் வேலை உதவாது. கல்லைச் சுற்றிவந்து விரிசல்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு விரிசலிலும் அளவு பார்த்து வெடி வைக்க வேண்டும். எல்லா வெடிகளின் பலமும் கூடித் திரையில் தெரியும் நீலக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் கல் அசையாது. மிஞ்சினால் கரு தூளாகிக் காற்றோடு போகும். அங்கே காற்றும் கிடையாது.

சரியாக வெடித்தாலும் வேலை முடியவில்லை. சிதறி மிதக்கும் துண்டுகளைப் பிடித்து வர வேண்டும். அதற்கென்று முழங்கை நீளத்தில் குட்டி இயந்திரங்கள் உண்டு. கப்பலின் வயிற்றுக் கதவைத் திறந்துவிட்டால் பறந்து போய் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வந்து உலைக்குள் போட்டுவிட்டு மறுபடி பறக்கும். உலை அதை உருக்கிப் பிரித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு கசடை வெளியே துப்பும். அந்தக் குட்டி இயந்திரங்களுக்கு விளையாட்டில் வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. மெக்கானிக்கின் கூட்டாளிகள் அதைப் பொறுக்கி என்றார்கள். பொறுக்குவதால் பொறுக்கி. இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கூட்டாளிகள் இரண்டே பேர். ஒருத்தி எங்கோ ஓர் ஊரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள். விடியும் முன்னே அடுப்பு மூட்டி, மதியத்துக்குள் கடையைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். இன்னொருவர் மருந்துக் கடைக்காரர். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வந்து காவல் கப்பல் ஓட்டுவார். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. காதில் மாட்டிய கருவி வழியாகக் குரல்தான் பழக்கம். அவர்களுக்கு மெக்கானிக் கேப்டன்.

அன்று மதியம் மாமனாருக்குச் சாப்பாடு கொடுத்து, கண்ணுக்கு மருந்து விட்டு, படுக்க வைத்துவிட்டு வந்தான். கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காகக் கதவைச் சாத்தாமல், கருவியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டான். பொறுப்பான மனிதன்தான். ஆனால் காதில் கருவி மாட்டியவனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிவதில்லை. அவன் கேட்பதற்காகத் திறந்து வைத்த கதவு வழியாக அவன் பேசியது எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"கேப்டன், கரு இருக்கு," என்றாள் ரொட்டிக்காரி. "வேவு ஒட்டியாச்சு. இந்தச் சரக்க நான் கண்ணால பாத்ததே இல்ல."

மெக்கானிக் பார்த்தான். மாதக் கணக்கில் தேடிய கல். இருளில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"கொள்ளக்காரனுங்க ரெண்டு பேரு இந்தப் பக்கம் திரும்பறானுங்க," என்றார் மருந்துக் கடைக்காரர். "நான் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிப்பேன். சீக்கிரம் முடிங்க."

"எத்தன விரிசல்?"

"நாலு தெரியுது. ரெண்டு ஆழம்."

"ஆழத்துல சின்ன வெடி வை. மேலாக இருக்கறதுல பெருசு வை. கோட்ட தாண்டிடாத. உன் கப்பல்ல எடம் இருக்கா?"

"அதான் கேப்டன் பிரச்சன. உலை நெறஞ்சிருச்சு. கிடங்குல ஒரு பொறுக்கி கெடக்கு, பழசு. அத எடுத்தா கரு வைக்க எடம் வரும்."

"எடுத்துரு."

"பாவமா இருக்கு கேப்டன். ரொம்ப நாளா நம்ம கூடவே இருக்கு."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொள்ளைக்காரன் வாசலில் நிற்கிறான், இவள் இரும்புக்கு இரக்கம் பார்க்கிறாள்.

"பாவம் பாத்தா வேல நடக்குமா? அந்தக் கிழட்டுப் பொறுக்கிய உள்ள வச்சிக்கிட்டு என்ன பண்றது? ஒண்ணுத்துக்கும் உதவாம எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடப் போகுது அது? கதவத் தொறந்து வெளிய தள்ளு. எங்கயாவது போய் முட்டிச் சாகட்டும்."

"சரி சரி, தள்ளிட்டேன். கோவப்படாதீங்க."

வெடி ஒவ்வொன்றாக இறங்கியது. கோடு நீலத்துக்குள் ஏறியது. இன்னும் ஒன்று வைத்தால் போதும். குரலை அடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசல் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மனைவி வந்துவிட்டாளா என்று நினைத்தான். அவள் வருகிற நேரம் இல்லை. திரும்பிப் பார்த்தான். எதிர் அறையில் கட்டில் காலியாகத் தெரிந்தது. தான் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது.

"ஐயையோ," என்றான்.

"என்ன கேப்டன், கோட்ட தாண்டிருச்சா?"

"நீயே வெடிச்சிக்க," என்று கருவியைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு ஓடினான்.

மாமனாரின் அறையில் போர்வை நாலு மூலையும் நேராக மடித்து வைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் காணோம், பையைக் காணோம். கண் மருந்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் அவள் வந்து அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வான்? உன் அப்பாவை நான் கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டேன் என்றா? மாமனார் படியில் தடுக்கி விழுந்து கிடப்பதாக ஒரு காட்சி மனதில் வந்து, செருப்பில்லாத காலோடு வெளியே பாய்ந்தான்.

மாடிப்படியில் யாரும் இல்லை. லிஃப்ட் கதவு மூடியிருந்தது. மேலே இருந்த விளக்கு இதே மாடி எண்ணைக் காட்டியது. பெட்டி எங்கும் போகவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. பொத்தானை அமுக்கினான். கதவு திறந்தது.

உள்ளே மாமனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொத்தான் பலகைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டு நின்றார். வழுவழுப்பான பலகை. தடவித் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. கதவு திறந்த சத்தத்தில் நிமிர்ந்தார்.

"கீழ போகணும்," என்றார். அக்கம்பக்கத்துக்காரர் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். "நம்பர் சரியாத் தெரியல. கொஞ்சம் அமுக்கி விடறீங்களா?"

"நான்தான்," என்றான் மெக்கானிக்.

மாமனாரின் கை பலகையிலிருந்து இறங்கியது. "அப்ப வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

கதவு மூட வந்தது. மெக்கானிக் காலை வைத்துத் தடுத்தான். அது இடித்துவிட்டுப் பின்வாங்கியது.

"நான் சொன்னது வேற. உங்க காதுல விழுந்தது வேற."

"எனக்குக் கண்லதான் புரை. காதுல இல்ல."

"நான் உங்கள சொல்லல."

"எண்ணிப் பாத்துட்டேன்," என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மெக்கானிக்கை இன்னும் பதற வைத்தது. "வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. அதுல ஒருத்தன்தான் கிழவன். ஒண்ணுத்துக்கும் உதவாம கெடக்கறவனும் அவன்தான். எடம் வேணும், வெளிய தள்ளுன்னு யார்கிட்டயோ போன்ல சொன்ன. என் மககிட்டதான் சொன்னியோ என்னவோ. அது எனக்குத் தெரிய வேண்டாம்."

வந்த நாளிலிருந்து முதல் முறையாக நீ என்று பேசுகிறார். சந்திலிருந்து தெருவுக்கு வந்துவிட்டார்.

"அது மெஷின்."

"எது?"

"பொறுக்கி. ஒரு விளையாட்டுல வர்ற மெஷின். வானத்துல கல்ல உடைச்சா துண்டு துண்டா சிதறும். அத பொறுக்கிட்டு வர்றது. அதனால பொறுக்கி. அது பழசாயிருச்சு, அதான் கிழட்டுப் பொறுக்கின்னு..."

சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய ஓர் ஆம்பிளை, வானத்தில் கல் உடைக்கிறேன் என்று லிஃப்ட் வாசலில் நின்று சத்தியம் செய்கிறான். கதவு மறுபடி வந்து காலில் இடித்தது.

"இத விட நல்ல பொய்யா ஒண்ணும் கெடைக்கலையா?" என்றார் மாமனார்.

கண் தெரிகிற மனிதராக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் திரையைக் காட்டியிருக்கலாம்.

"உன்ன நான் குத்தம் சொல்லல," என்றார் அவர். "அன்னைக்கு நான் சொன்ன வார்த்த. எனக்கே திரும்பி வந்துது. நியாயம்தான். ஆனா அதக் கேட்டுக்கிட்டு அதே வீட்ல உக்காந்து சோறு தின்ன முடியாது. நீ பொத்தான அமுக்கு."

"அவ வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்பாவுக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சுன்னு சொல்லு. பிடிவாதக்காரன்னு அவளுக்குத் தெரியும், நம்பிடுவா."

"நம்பிட்டு உள்ள போய் அழுவா," என்றான் மெக்கானிக். "ஒன்பது வருஷமா எங்கிட்ட உங்களப் பத்தி ஒரு வார்த்த கொற சொன்னதில்ல அவ. நல்லதும் சொன்னதில்ல. போன வாரம் உங்க கட்டிலுக்கு மெத்த வாங்கப் போனப்பதான் அவ சிரிச்சு நான் பாத்தேன். நீங்க இப்ப போனீங்கன்னா அவ்வளவுதான். நான் சொல்றத நம்ப வேண்டாம். உள்ள வந்து காதால கேளுங்க. என்கூட வெளையாடறவங்க லைன்லயே இருக்காங்க. அவங்கள நீங்களே கேளுங்க, நான் வாயத் தொறக்கல. அப்புறமும் போகணும்னா நானே கொண்டு போய் பஸ் ஏத்தி விடறேன்."

மாமனார் யோசித்தார். ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு அவர் என்றைக்கும் கல் நட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் அவரை வெளியே இழுத்தது. பையைத் தர மட்டும் மறுத்துவிட்டார். கூடத்து வாசலில் தானே அதை இறக்கி வைத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண் மூடியில் படாமல் கருவியை அவர் இரண்டு காதிலும் மாட்டிவிட்டு, மெக்கானிக் குனிந்து பேசினான்.

"இங்க ஒருத்தர் இருக்காரு. பொறுக்கின்னா என்னன்னு அவருக்கு வெவரமா சொல்லு. ஒண்ணும் மறைக்காத."

அவசரத்தில் அவர் யார் என்று சொல்லவில்லை. ஒதுங்கி நின்றான். இப்போது ரொட்டிக்காரியின் குரல் மாமனாரின் காதில் மட்டும்தான். மெக்கானிக்குக்குப் பார்க்க மட்டும்தான் முடியும், முகத்தையும் திரையையும். திரையில் கல் பிளந்திருந்தது. அவள் அளவு தப்பாமல் வெடித்திருந்தாள். கருவின் துண்டுகள் நீல ஒளியோடு நாலாபக்கமும் மிதந்துகொண்டிருந்தன. அவள் கப்பலிலிருந்த பொறுக்கிகள் அவற்றுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தன. மாதக் கணக்கில் காத்திருந்த காட்சி. அவனுக்கு அதில் கண் நிற்கவில்லை.

"வணக்கம்மா," என்றார் மாமனார் திரையைப் பார்த்து. "ஆமா... ஆமா... கல்லுதான். அதக் கேக்கத்தான் வந்தேன்."

பேச்சை நிறுத்திக் கேட்டார். புருவம் ஏறியது.

"மொதல்ல எந்தக் கல்லுன்னு எப்படித் தெரியும்?... ஓகோ. துடிப்பு... விரிசல்ல வைக்கறது எவ்வளவு பலம்னு அளவு உண்டா?... கூட்டித்தான் பாக்கணும், ஆமா, தனித்தனியா பாத்தா தப்பாப் போகும்." அவர் உடம்பு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்தது. "சரி, சிதறினத?... யாரு?" பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய மெக்கானிக்குக்கு நேரம் பிடித்தது. அந்த முகத்தில் அதுவரை அவன் பல்லைப் பார்த்ததில்லை.

"அப்ப வெளிய தள்ளச் சொன்னது அதத்தானா? நெசமாவே மெஷினா?... பாவம்னு நீதான் சொன்னியாம்மா? நல்ல பொண்ணு."

மெக்கானிக்குக்கு அப்பாடா என்று இருந்தது. கண்ணில் நீர் கூட வந்தது. தப்பித்தோம் என்று சுவரில் சாய்ந்தான்.

"பேரு பொருத்தமாத்தான் இருக்கு," என்றார் மாமனார், இன்னும் சிரித்துக்கொண்டே. "யாரும்மா வச்சது?"

மெக்கானிக் சுவரிலிருந்து நிமிர்ந்தான். எத்தனையோ நாளாக நினைத்துப் பார்க்காத விஷயம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. கருவியைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினான். பிடுங்கினால் அதை விடப் பெரிய வாக்குமூலம் வேண்டாம். நீட்டிய கை பாதியில் நின்றது.

மாமனாரின் சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போனது.

"அப்படியா," என்றார். "சரிம்மா. நீ வேலையப் பாரு."

கருவியைக் கழற்றினார். ஒயர் கண் மூடியின் பிளாஸ்திரியில் சிக்கியது. மெக்கானிக் விடுவிக்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டி, தானே விடுவித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னு தெரியாது."

"தெரியாது."

"எங்க கேப்டன் வச்ச பேருன்னு சொல்லுச்சு. அவரோட மாமனார் அவருக்கு வச்ச பேராம். சும்மாதான கெடக்கு, எதுக்காவது ஒதவட்டும்னு எடுத்து மெஷினுக்கு வச்சிட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"உங்கள திட்டறதுக்குத்தான் வச்சேன். நேர்ல திட்ட முடியல, அவ வருத்தப்படுவா. இங்க உக்காந்து, ஏய் பொறுக்கி, போய்ப் பொறுக்குன்னு வெரட்டறப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. ஆரம்பத்துல. அப்புறம் தெனம் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு. இப்ப அந்த வார்த்தைய கேட்டா எனக்கு நீங்க ஞாபகம் வர்றதில்ல. கல்லுதான் ஞாபகம் வருது. இது பொய் இல்ல."

மாமனார் மங்கிய கண்ணைத் திரையின் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருக்கு அங்கே நீலமாக ஏதோ அசைவது மட்டும் தெரிந்திருக்கும்.

"கேட்டவனுக்குப் பழகிப் போயிரும் போல," என்றார். "சொன்னவனுக்குப் பழகல."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான்.

"அடுத்த ரூம்ல பொறுக்கின்னு சத்தம் கேட்டுது. வேற எதையாவது சொல்றாங்களோன்னு ஒரு நிமிஷம் கூட எனக்குத் தோணலையே. சட்டுனு எந்திரிச்சு போர்வைய மடிக்க ஆரம்பிச்சிட்டேன். என்னைக்காவது வரும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கேன் பாருங்க."

பாருங்க என்றார். வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. இந்த மனிதரை வருஷக் கணக்காக வானத்தில் விரட்டி விரட்டி அவன் ஆறிப்போனான். இவர் தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து அதே வார்த்தையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மேசையில் கிடந்த கருவியிலிருந்து, கேப்டன் கேப்டன் என்று ரொட்டிக்காரி கூப்பிடுவது எறும்புக் குரலாகக் கேட்டது. அவன் எடுக்கவில்லை.

பேச இன்னும் இருந்தது, எப்படி எடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சாவி திரும்பியது.

அவள் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது பையைத்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, தீர்ப்புதான் இருந்தது.

"என்ன சொன்னீங்க அவர?"

மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் கேட்டேன் உங்ககிட்ட. அதுக்குள்ள என்ன சொன்னீங்க?"

"அவர் ஒண்ணும் சொல்லலம்மா," என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மாமனார் எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "சொன்னது நான்."

"நீங்களா? எப்போ?"

"நீ பின்னால நின்னுக்கிட்டு இருந்தியே. அன்னைக்கு."

அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? உடனே புரிந்துவிட்டது. அந்த நாளைத் தவிர அவர்கள் இருவருக்கும் நடுவில் வேறு ஒரு அன்றைக்கு இல்லை. தோள்பையைக் கூட இறக்காமல் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பும்மா அது," என்றார் அவர். "அவர்கிட்டச் சொல்லணும்னுதான் வாய எடுத்தேன், வரல. உங்கிட்டச் சொல்றேன். உன்ன வச்சிக்கிட்டு ஒரு மனுஷன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"இப்பத்தான் தோணுச்சாப்பா?" என்றாள். "அம்மா இருக்கறப்ப தோணலையா? அம்மா போனப்ப நான் வந்து நின்னேனே, அப்பக் கூடத் தோணலையா?"

அவர் கதவு நிலையை விட்டுவிட்டு ஒரு கையை முன்னால் நீட்டி, அவள் குரல் வந்த திக்கில் இரண்டு அடி வைத்தார். கை அவள் தலைக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாகப் போய்த் தேடியது. மெக்கானிக் ஓடிவந்து பிடித்துச் சரியான இடத்தில் வைக்கப் பார்த்தான். அவள் தலையை ஆட்டி அவனை நிறுத்தினாள்.

தன் தலைக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் தடவிக்கொண்டிருந்த அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத கோபம். கொஞ்சம் தேடட்டும் என்று விட்டாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டி விழுந்தபோதும் துடைக்கவில்லை. தேடி அலுத்து அந்தக் கை கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான், உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை அதற்கடியில் கொண்டுபோய் வைத்தாள்.